வெறும் வயிற்றில் வரக்கோப்பி

சார், அந்தப் பெண் திடலில் விழுந்ததற்கு நீங்கள்தான் காரணம். அவள் சோம்பேறியும் இல்லை, நடிக்கவும் இல்லை.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா மலர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தது. வழவழப்பான தாள். அதில் நம் விளையாட்டு வாத்தியார் இரண்டு பக்கத்துக்குத் தன் நினைவுகளை எழுதியிருக்கிறார். தான் கொடுத்த பால் கலக்காத வரக்கோப்பியால் தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி ஓடினார்கள் என்று கதை. நடுவில் ஒரு வரி. மாவட்டப் போட்டியில் ஒரு சோம்பேறிப் பெண் பாதியில் விழுந்து பள்ளியின் மானத்தை வாங்கினாளாம். அதே கோப்பியைக் குடித்த இன்னொருத்தி காற்றாகப் பறந்தாளாம்.

காற்றாகப் பறந்த அந்த இன்னொருத்தி நான்தான்.

ஆறாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் விளையாட்டு விழாவில் சாருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் ஓடுகிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ‘சார் கோப்பி’ ஒரு கப் கொடுக்கப் போவதாக மலரின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

குளுவாங் பக்கத்தில் நம் ரப்பர் தோட்டம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அப்பா இருவரும் விடியும் முன்னே பால் மரம் வெட்டப் போய்விடுவார்கள். அடுப்பில் ஒரு சட்டி வரக்கோப்பி மூடி வைத்திருக்கும். பழைய சோறு இருந்தால் சோறு. இல்லாவிட்டால் சதுர பிஸ்கட் இரண்டு, கோப்பியில் தோய்த்து. ஆனால் ஒன்று. லயத்து வீடுகளின் வாசலில் யார் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “பசியாறிட்டியா?” கங்காணி கேட்பார். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்ட கிழவிகூடக் கேட்பாள். கோபமாக இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார்கள்.

சார் மட்டும் கேட்டதில்லை. அவர் அதற்கு நேர் எதிராக ஒன்று கண்டுபிடித்திருந்தார்.

“வயிறு காலியா இருந்தாத்தான் கால் லேசா இருக்கும்” என்றார் முதல் நாள் பயிற்சியில். “சோத்தைத் தின்னுட்டு வந்தா எருமை மாதிரிதான் ஓடுவீங்க. போட்டி முடியுற வரைக்கும் காலையில ஒண்ணும் திங்கக் கூடாது. கோப்பி நான் தர்றேன். சீனி கிடையாது. சீனி சளி. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்!” என்று கத்தினோம்.

அவருடைய கெட்டில் நினைவிருக்கிறதா? பச்சை எனாமல். மூக்குப் பக்கம் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருக்கும். பால் டின்களைக் கழுவி, விளிம்பைத் தட்டி, எங்களுக்குக் குவளையாகக் கொடுப்பார். கோப்பி தார் மாதிரி வரும். வெண்ணெய் போட்டு வறுத்த தூளின் வாசனை திடல் முழுவதும் அடிக்கும். குடித்த கொஞ்ச நேரத்தில் காது சூடாகும். நெஞ்சு திடும் திடும் என்று அடிக்கும். அதைத்தான் நாங்கள் பலம் என்று நினைத்தோம். சாரும் அப்படித்தான் நினைத்தார். அவரும் காலையில் கோப்பியைத் தவிர ஒன்றும் சாப்பிடமாட்டார் என்பது உண்மை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விசில்தான் ஊதினார்.

நான்கு பெண்கள் தொடர் ஓட்டத்துக்கு. நான் மூன்றாவது. கடைசி என் சிநேகிதி. கடைசி லயத்து வீட்டுக்காரி. எங்களில் வேகமானவள் அவள்தான், நான் இல்லை. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின் முதல் வாரத்தில் என்னை எத்தனை முறை அவள் தாண்டிப் போனாள் என்று அவளிடம் கேட்டால் இன்றைக்கும் சொல்வாள்.

அவளுக்கு ஒரு குணம். சொன்னதைச் செய்வாள். சார் காலையில் சாப்பிடாதே என்றால், அவள் முந்தின இரவே சோற்றைக் குறைத்துவிடுவாள், நல்ல லேசாக இருக்கட்டும் என்று.

இரண்டாம் வாரம் என் அக்கா பெரிய மனுஷியானாள்.

மாமா வந்து வீட்டுக்குப் பக்கவாட்டில் தென்னங்கீற்றால் குச்சு கட்டினார். அக்காவை அதில் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். யாரும் தொடக்கூடாது. அவள் தட்டில் உள்ளதை வேறு யாரும் தின்னக்கூடாது. அதற்குப் பிறகு ஆரம்பித்தது விருந்து. நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து குடிக்க வைப்பார்கள். உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு, எண்ணெய் மிதக்க. எங்கள் வீட்டில் அப்படிச் சாப்பாட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அவள் வாழ்க்கையிலேயே அந்தப் பதினாறு நாள்தான் ஒழுங்காகச் சாப்பாடு போட்டார்கள். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இடுப்பு பலமாக இருக்க வேண்டுமாம், பிள்ளை பெற. பிள்ளை பெறப் போகிறவளுக்குச் சத்து வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, ஓடப் போகிறவளுக்கும் வேண்டும் என்று தோன்றவில்லை.

அக்காவுக்கு அது எதுவும் பிடிக்கவில்லை. முட்டையைப் பார்த்தாலே ஓங்கரிப்பாள். அம்மா விடியற்காலையில் களியையும் முட்டையையும் நல்லெண்ணெயையும் கீற்றுக்குள் தள்ளிவிட்டு, காத்து கருப்பு அண்டாமலிருக்கப் பக்கத்தில் ஒரு இரும்புக் கரண்டியையும் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

“ஏய் பாப்பா, இங்க வா” என்று அக்கா கீற்று இடுக்கில் கூப்பிட்டாள். “இதை நீ தின்னுரு.”

“ஐயோ, தீட்டு!”

“தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் தின்னா வாந்திதான். மண்ணுல புதைச்சா நாய் தோண்டி எடுத்து அம்மா முன்னாடி போட்டுரும். மூக்கைப் பிடிச்சுக்க. முழுங்கு. வெளிய சொன்னே, என்னை மட்டும் இல்ல, உன்னையும் சேர்த்து அடிப்பாங்க.”

மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். முட்டை தொண்டையில் வழுக்கி இறங்கியது. களி சூடாக, கனமாக இருந்தது. கருப்பட்டி நாக்கில் ஒட்டியது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் அவள் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அக்கா இப்போது ஸ்கூடாயில் மகன் வீட்டில் இருக்கிறாள். முட்டி வலி. “அன்னைக்கு உன்னைத் திங்க விட்டேன் பாரு, அதான் நீ நடக்குற, நான் நகர்றேன்” என்று இப்போதும் என்னைத் திட்டுவாள்.

ஒரு வாரத்தில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் கால் தளரவில்லை. கோப்பி குடித்தும் கை நடுங்கவில்லை. சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னார், “பாருங்க! கோப்பி இவளுக்குப் பிடிச்சுக்கிச்சு!”

நான் சிரித்தேன். சொல்லவில்லை. என் சிநேகிதி என் முதுகில் தட்டி, “என்னடி, மோட்டார் வச்சிருக்கியா?” என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. தீட்டுச் சாப்பாட்டைத் தின்றது தெரிந்தால் லயமே கூடிவிடும் என்று பயம். பயம் மட்டும்தானா? இல்லை. அவளை முந்திப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

போட்டி நாள். தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே குளுவாங் போனோம். திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். தொடர் ஓட்டம் பத்து மணிக்கு என்றார்கள். யாரோ பெரிய மனிதர் வந்தார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. வெயில் தலையைப் பிளந்தது. சார் பச்சைக் கெட்டிலோடு சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு டின், இரண்டு டின், மூன்று டின். மற்ற பள்ளிப் பிள்ளைகள் மரத்தடியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்தார்கள். அந்தத் தேங்காய்ப் பால் வாசனை வந்ததும் என் சிநேகிதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பசிக்குது சார்” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. உங்களில் அங்கே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

“பசி நல்லது. இன்னொரு டின் குடி” என்றார் சார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று காலை வாழையிலையில் ஒரு களி உருண்டையைச் சுற்றிப் பையில் போட்டிருந்தேன். கழிவறைக்குப் பின்னால் போய் நின்றேன். ஈ மொய்க்கிற இடம், நாற்றம். அங்கே நின்று முழு உருண்டையையும் நானே தின்றேன். கையைச் சுவரில் துடைத்துக்கொண்டு வந்தேன். அவள் டின்னைப் பிடித்தபடி வரிசையில் நின்றிருந்தாள்.

ஒரு மணி வாக்கில் எங்களைக் கூப்பிட்டார்கள். ஓட்டத்தில் கை மாற்றுகிற கட்டை, சார் ரப்பர் மரக் கிளையில் வெட்டிச் சிவப்புச் சாயம் அடித்தது. எனக்கு அது வரும்போது நாங்கள் மூன்றாவது. நான் ஓடினேன். உண்மையாகவே ஓடினேன். இரண்டு பேரைத் தாண்டி முதலாவதாகக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். அப்போது அவள் விரல் என் விரலில் பட்டது. அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது. ஈரம். பிடிக்கும்போதே நடுங்கியது. உதடு வெளுத்திருந்தது.

இருபது அடி ஓடியிருப்பாள். கால் பின்னிக்கொண்டது. கட்டை ஒரு பக்கம் உருண்டது, அவள் ஒரு பக்கம். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள்.

சார் ஓடி வந்தார். தண்ணீரோடு வருகிறார் என்று நினைத்தேன். “எழுந்திரு! நடிக்கிறியா?” என்றார்.

வாந்தி எடுத்தாள். கறுப்புத் தண்ணீர் மட்டும்தான் வந்தது. ஒரு பருக்கை இல்லை. அதைப் பார்த்தாவது அவருக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

திங்கட்கிழமை பள்ளிச் சபை கூடியபோது எங்கள் இருவரையும் முன்னால் நிற்க வைத்தார். உங்களுக்கு மறந்திருக்காது. மறந்ததாகச் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன்.

“ஒரே கெட்டில். ஒரே கோப்பி. ரெண்டு பொண்ணு” என்றார். “இவ ஓடினா. அவ விழுந்தா. ஏன்? யாராச்சும் சொல்லுங்க.”

யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். காலையில் குடித்த நல்லெண்ணெய் அப்போதும் என் தொண்டையில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

“சோம்பேறித்தனம்!” என்று அவரே பதில் சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள்.

அதற்குப் பிறகு அவள் தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால்கூட, “ஏய் வரக்கோப்பி, பாத்து, விழுந்துடாத லா!” என்று கத்துவார்கள். இப்போது மலர்க் குழுவில் செயலாளராக இருப்பவர்தான் அதில் முதல் குரல். வருட முடிவில் அவள் அப்பா, “ஓடவும் லாயக்கில்ல, படிக்க மட்டும் லாயக்கா?” என்று சொல்லிப் பள்ளியை விட்டு நிறுத்தி, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்க அனுப்பினார். எனக்குச் சார் ஒரு பேனா பரிசு கொடுத்தார். அது எங்கே போனது என்று தெரியவில்லை. தேடவும் இல்லை.

எனக்கும் புத்தி சீக்கிரம் வந்துவிடவில்லை. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். காலை நான்கு மணிக்குப் பேருந்து, எல்லைப் பாலத்தில் நெரிசல், சாப்பிட நேரமில்லை. பாக்கெட் கோப்பி இரண்டை ஒரே கப்பில் கலக்கி ஊற்றிக்கொள்வேன். பதினொரு மணிக்குக் கை நடுங்கும். இன்னொரு கப். ஒருநாள் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சரிந்தேன். மேற்பார்வையாளன் சின்னப் பையன், “அன்ட்டி, நேத்து ஓகேதானே?” என்றான். எனக்குத் திடல் நினைவு வந்தது.

பிறகு இங்கே அரசாங்க கிளினிக்கில் சாப்பாட்டு விஷயம் சொல்ல ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். “மக்சிக், கோப்பி புக்கான் மாகானான் லா” என்றாள். பெரியம்மா, கோப்பி சாப்பாடு இல்லை என்று. பிறகு பொறுமையாகச் சொன்னாள். உடம்பு களைத்துப் போனால் களைத்துவிட்டேன் என்று மூளைக்குச் சொல்லும். கோப்பி அந்தச் சொல்லைக் கேட்கவிடாமல் செய்கிறது, அவ்வளவுதான். களைப்பு அங்கேயேதான் இருக்கும். தெம்பு சோற்றிலிருந்தும் முட்டையிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் வர வேண்டும். பசியோடு இருக்கிறவர் நிறையக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பசியாறிவிட்டு ஒரு கப் குடித்தால் யாருக்கும் சண்டை இல்லை. பெரியவர்களுக்கு, என்று அழுத்திச் சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

நான் இன்றும் கோப்பி குடிக்கிறேன். இட்லிக்குப் பிறகு ஒரு கப். கோப்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மலர் வந்த மறுநாள் ரயில் ஏறிச் சிகாமட் போனேன். என் சிநேகிதி அங்கே மகளோடு இருக்கிறாள். வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறின கோடு இடுப்பு உயரத்துக்கு இருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும், “பசியாறிட்டியா?” என்றாள். மலரைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாள்.

“சரியாத்தான் எழுதியிருக்காரு” என்றாள். “நான் அப்பவே சோம்பேறி உடம்புதான் லா.”

கேட்டுக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் உர மூட்டை சுமந்தவள் இதைச் சொல்கிறாள். தோள் ஒரு பக்கம் இறங்கிப் போயிருக்கிறது. ஒருத்தர் ஒருநாள் சபையில் சொன்னதை அவள் சாகிறவரை சுமப்பாள் போல.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குச்சு, முட்டை, களி, கழிவறைச் சுவர். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேத்தியின் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“கட்டை வழுக்குச்சு” என்றாள் கடைசியில். “நல்லெண்ணெய் வாசம் அடிச்சுது. விழுந்து கிடக்கும்போதும் என் கையில அந்த வாசம்தான். எங்கேருந்து வந்துச்சுன்னு இத்தனை வருஷமா தெரியல.”

சட்டையை மடியில் வைத்தாள்.

“எனக்கு ஒரு வாய் குடுத்திருக்கலாமேடி.”

“குடுத்திருக்கணும்” என்றேன். அழுதேன். அவள் அழவில்லை. உள்ளே போய் முட்டை பொரித்துச் சோறு போட்டு எடுத்து வந்தாள். “தின்னு. தின்னுட்டு அப்புறம் அழு” என்றாள். நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், “இதை எல்லாரு முன்னாடியும் சொல்லுவியா? என்கிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்? சோம்பேறின்னு எல்லாரு முன்னாடிதானே சொன்னாரு.”

சொல்வேன் என்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கனவே சொல்லிப் பார்த்தேன். “ஏன்க்கா பழசைக் கிளறுறீங்க, சாருக்கு வயசாயிருச்சு” என்று ஒருவர். கைகூப்புகிற படம் ஐந்து பேர். “ஒரு கப் கோப்பியில என்ன வந்துரும் லா” என்று செயலாளர். ஒரு கப்பில் என்ன வந்தது என்று சிகாமட்டுக்குப் போய்க் கேளுங்கள். சாருக்கு வயதாகிவிட்டது, சரி. அவளுக்கும் எனக்கும் வயதாகவில்லையா? அவர் கெட்ட மனிதர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் தப்பான கணக்கு ஒன்றைப் போட்டார். நான் வாயை மூடிக்கொண்டு அதைச் சரி என்று காட்டினேன். என் பங்கை இதோ, நீங்கள் எல்லாரும் படிக்கிற மாதிரி, ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி அவர் பங்கு.

விளையாட்டு விழாவுக்கு நான் வருவேன். என் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வருவேன். முதல் வரிசையில் உட்காருவோம். அன்று காலை ஓடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அவித்த முட்டையும் களியும் நான் கொண்டு வருகிறேன். கோப்பிக் குவளையோடு யாராவது ஒரு பிள்ளையின் பக்கம் போனால் நடுவில் நான் நிற்பேன். என்னை இழுத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். பார்த்துக்கொள்ளலாம்.

சார், உங்கள் கையில் மைக்கைக் கொடுப்பார்கள். பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டே பதில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம், கடிதம் வேண்டாம். அன்றைக்குச் சபையில் கேள்வி கேட்டு நீங்களே பதிலும் சொன்னீர்களே, அதே பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் காது கேட்க, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தோட்டத்தில் சண்டைக்காரிகூடக் கேட்கிற கேள்வி அது. அந்தப் போட்டி நாள் காலையில் கெட்டிலைச் சாய்க்கும் முன்னால், அவளைப் பார்த்து ஒரு தடவையாவது “பசியாறிட்டியா?” என்று கேட்டீர்களா, இல்லையா?